கொஞ்சம் ஒதுங்கிக்கங்க

மாமி எதையாவது தூக்கப் போகிறார் என்றால் அதற்கு முன்னால் “கொஞ்சம் ஒதுங்கிக்கங்க” என்பார். பஸ்ஸில் இறங்குவதற்கு வழி கேட்பதுபோல மெதுவாகத்தான் சொல்வார். சுற்றி நிற்பவர்கள் ஒதுங்கி முடிப்பதற்குள் அந்தச் சாமான் தரையை விட்டுக் கிளம்பியிருக்கும்.

அவர் என் தாய்மாமாவின் மனைவி. கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்குச் சற்றுத் தள்ளி மாமாவுக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை இருந்தது. கீழே கடை, மேலே வீடு. மாமியின் ஊர் பன்வில பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். தாய் தகப்பன் இருவருமே தோட்டத்தில் பேர் பதிந்து, லயம் என்னும் வரிசை வீட்டில் குடியிருந்து வேலை செய்தவர்கள். கூரைத் தகடு இறக்கப் போன இடத்தில் மாமா அவரைப் பார்த்தார். பிறகு வீட்டில் இரண்டு வருடம் சண்டை போட்டுக் கல்யாணம் செய்துகொண்டார். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் டவுனில் கடை வைத்தவர்கள், கந்தோரில் வேலை பார்த்தவர்கள். லயத்திலிருந்து பெண் எடுப்பதா என்று முகத்தைச் சுளித்தவர்கள் நிறைய.

அவருடைய பலத்தை நான் முதன்முதலில் பார்த்தது அந்தக் கல்யாணத்தன்றுதான். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பெண் வீட்டார் பலா மரத்தில் ஓர் அலுமாரி செய்து லொறியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். கடைக்குப் பக்கத்தில் இருக்கும் படிக்கட்டு ஒடுக்கமானது, நடுவில் ஒரு திருப்பம் வேறு. கயிறு கட்டி இழுக்கலாம் என்றார் ஒருவர். கதவைக் கழற்றிவிட்டு ஏற்றலாம் என்றார் இன்னொருவர். வேட்டியை மடித்துக் கட்டிய ஆண்கள் அலுமாரியைச் சுற்றி நின்று பேசிக்கொண்டேயிருந்தார்கள். மேலேயிருந்து மாமி இறங்கி வந்தார். கழுத்தில் மாலைகூடக் கழற்றவில்லை. கூறைச் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, “கொஞ்சம் ஒதுங்கிக்கங்க” என்றார். பாரமான கீழ்ப்பக்கத்தை அவர் பிடித்துக்கொண்டார். மேல்பக்கத்தைப் பிடிப்பதற்கு மாமாவின் கூட்டாளி ஒருவர் போனார். பிடித்தார் என்று சொல்ல முடியாது, கையை வைத்துக்கொண்டு பின்னால் நடந்தார். அலுமாரி திருப்பத்தில் ஒரு தடவைகூடச் சுவரில் உரசாமல் மேலே போய்ச் சேர்ந்தது.

கீழே நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா மாத்திரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பார்த்தால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஆள் பெரிய உருவம் இல்லை. நான் வளர்ந்த பிறகு என் தோளுக்குத்தான் வருவார். கையும் ஒல்லிதான். பின்கழுத்தில் முடி தொடங்கும் இடத்தில் மட்டும் தோல் கொஞ்சம் தடித்திருக்கும். “இந்தப் பலம் எங்கேருந்து மாமி?” என்று கேட்டால், “எங்கம்மாவ நீ பாத்ததில்லையே” என்பார். அவ்வளவுதான் பதில்.

ஆனால் சின்னச் சாமான்கள் அவர் கையில் நிற்காது. கண்ணாடிக் கிளாஸ் உடையும், ஊசி வளையும், தண்ணீர்க் குழாயை மூடினால் அடுத்த ஆள் திறக்க முடியாது. கைக்குழந்தையைக் கொடுத்தால் பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்துகொள்வார். சொந்த மகளையே கைக்குழந்தையில் பயந்து பயந்துதான் தூக்கினார். யாராவது பிள்ளையை மடியில் வைத்துவிட்டால், மூச்சுக்கூட விடாமல், இரண்டு கைகளையும் காற்றில் தூக்கி வைத்துக்கொண்டு, “எடுங்க, எடுங்க” என்று கெஞ்சுவார். நடக்கத் தொடங்கிய பிள்ளை என்றால் அந்தப் பயமில்லை. வாசலில் வரும் பிள்ளைகளை எல்லாம் தூக்கிப் பார்ப்பார். அவருக்கு அன்பு என்றால் அதுதான். கட்டிப்பிடிக்க மாட்டார், கன்னத்தைக் கிள்ள மாட்டார். தூக்கி, கொஞ்சநேரம் கையில் நிறுத்திப் பார்த்துவிட்டு, “போன மாசத்துக்கு மெலிஞ்சிட்ட, சாப்பிடுறதில்லையா?” என்று கேட்பார். நான் வேலைக்குப் போகத் தொடங்கி முதல் சம்பளத்தோடு பார்க்கப் போனபோது என்னையும் தூக்கினார். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

இதெல்லாம் வீட்டுக்குள்தான். வெளியாட்கள் முன்னால் எதையும் தூக்கக் கூடாது என்பது மாமாவின் கட்டளை. கோபமாகச் சொன்னதில்லை, கெஞ்சுவதுபோலத்தான் சொல்வார். கடையில் மூட்டை தூக்கும் ஆள் வராத நாட்களில், கதவைச் சாத்திவிட்டுத்தான் மாமி சீமெந்து மூட்டைகளை அடுக்குவார். ஒரு வருடம் மழையில் ஆற்றுத் தண்ணீர் கடைக்குள் வரத் தொடங்கியது. ஆள் பிடித்து வருவதற்கு மாமா ஓடினார். அவர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பியபோது மாமி படிக்கட்டில் உட்கார்ந்து சேலையைப் பிழிந்துகொண்டிருந்தார். கீழே ஒரு மூட்டையும் இல்லை. எல்லாம் மேல்தட்டில் நனையாமல் கிடந்தன. பக்கத்துக் கடைக்காரர்களிடம் மாமா, “நல்ல வேளை, ஆளுங்க நேரத்துக்கு வந்துட்டாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமி அதைக் கேட்டுக்கொண்டே அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தார். அம்மாதான் இதை எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, “உங்க மாமா நல்ல மனுசன்தான், ஆனா பொண்டாட்டி விசயத்துல ஊருக்குப் பயப்படுவான்” என்றார்.

மாமா அதிகம் பயந்தது அவருடைய அண்ணனுக்கு. நாங்கள் பெரிய மாமா என்று சொல்வோம். இந்திய வம்சாவளியினரைத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில் இந்தியா போய், திருச்சியில் ஜவுளிக்கடை வைத்து முன்னுக்கு வந்தவர். தம்பியின் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. தோட்டத்துப் பெண் என்பதால்தான் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பல வருடங்கள் கழித்து, மகள், மருமகன், ஆறு வயதுப் பேத்தி எல்லோருடனும் ஊர் சுற்றிப் பார்ப்பதற்கு வருவதாகப் போன் செய்தார். மாமா வீட்டுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தார். மாமாவின் மகள் வெளியூரில் தங்கிப் படித்துக்கொண்டிருந்ததால், நான் லீவு போட்டுவிட்டு அவர்களுக்கு வழிகாட்டக் கிளம்பினேன்.

பெரிய மாமா கனத்த உடம்புக்காரர். முழங்காலில் ஆப்பரேஷன் செய்திருந்ததால் கைத்தடியோடு நடப்பார். வந்த நாளிலிருந்து மாமி அவர் முன்னால் உட்காரவில்லை, நேராகப் பேசவுமில்லை. கணவனின் அண்ணன் முன்னால் அப்படி இருப்பதுதான் மரியாதை என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கதவுக்குப் பின்னால் நின்று, “பெரியவங்களுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளு” என்று என்னிடம் சொல்வார். “போதும்னு சொல்லு” என்று அவரும் என்னிடமே சொல்வார். நடுவில் அலைந்து நான் களைத்துப்போனேன்.

வான் பிடித்து வாவிக்கரை, தலதா மாளிகை எல்லாம் பார்த்தோம். பேராதனைப் பூங்காவுக்குப் போன அன்று மத்தியானச் சாப்பாட்டை வீட்டிலேயே சமைத்து எடுத்துப்போனோம். வானை நிறுத்தியதும் மாமி மறந்துபோய், சோற்றுப் பானையையும் குழம்புச் சட்டியையும் வைத்துக் கட்டியிருந்த பெரிய மரப்பெட்டியை ஒற்றைக் கையால் இறக்கித் தோளில் வைத்துவிட்டார். பெரிய மாமா பார்த்தார். தம்பியைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படியாகவே, “அதையெல்லாம் தூக்க வேணாம்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு. பாக்க நல்லா இல்ல” என்றார்.

மாமா சொல்வதற்கு முன்பே மாமி பெட்டியைப் புல்லில் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றார். மாமாவும் மருமகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். பத்தடி போவதற்குள் பெட்டி சாய்ந்து பருப்புக் குழம்பு முழுவதும் கொட்டிவிட்டது. வெறும் சோற்றையும் பொரித்த கருவாட்டையும் தின்றுவிட்டு வந்தோம். திரும்பும்போது மாமி வானின் பின் சீட்டில் என் காதில், “குழம்பு நல்லா வந்திருந்துச்சு” என்றார்.

அவர்கள் ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது பேத்தி தேயிலைச் செடிக்குள் நின்று படம் எடுக்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். அதனால்தான் பன்விலவுக்குப் போனோம். மாமியின் தோட்டத்துக்கே போகலாம் என்று மாமா சொன்னபோது மாமியின் முகம் மாறியது, சந்தோஷமா பயமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருடைய தாய் தகப்பன் அப்போது உயிரோடு இல்லை. அவர்கள் இருந்த லயத்தில் வேறு குடும்பம் இருந்தது.

வானை ரோட்டில் நிறுத்திவிட்டு மலைக்கு ஏறினோம். மேலே ஒரு பாறை இருந்தது. அதில் ஏறி நின்றால் நக்கிள்ஸ் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். பெரிய மாமா மூச்சு வாங்க ஏறி வந்து, அந்தப் பாறையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பொறந்த நாடு, இதையெல்லாம் நான் பாத்ததே இல்ல” என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

இறங்கும்போது அவர் பின்தங்கினார். துணைக்கு நான் கூட வந்தேன். மற்றவர்கள் நல்ல தூரம் முன்னால் போய்விட்டார்கள். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சரிவில் பாட்டும் பேச்சுமாக இருந்தார்கள். திடீரென்று அந்தப் பேச்சு நின்றது. பக்கத்து மலையில் உயரமான மரமொன்றிலிருந்து பருந்து ஒன்று கிளம்பிப் போவதைப் பார்த்தேன். அதற்குப் பின்னால் மரத்திலிருந்து கறுப்பாக ஏதோ புகைபோலக் கிளம்பியது. “குளவி கலைஞ்சிருச்சு, ஓடுங்க” என்று ஒரு பெண்ணின் குரல் கேட்டது. கூடைகளைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடினார்கள்.

முதல் கடி என் கழுத்தில் விழுந்தது. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் இழுத்ததுபோல இருந்தது. பெரிய மாமா ஒரு கணம் என்னைப் பார்த்தார். “என்னால ஓட முடியாது. நீ ஓடும்மா” என்று என் தோளைப் பிடித்துத் தள்ளினார். தள்ளிய வேகத்தில் அவரே விழுந்தார். நான் நாலைந்து செடி தாண்டுவதற்குள் கால் தடுக்கித் தண்ணீர் ஓடுவதற்கு வெட்டிய கானுக்குள் விழுந்தேன். சால்வையை முகத்தில் சுற்றிக்கொண்டு அங்கேயே குப்புறக் கிடந்தேன். சால்வை இடுக்கால் பாதையும் அதில் கிடந்த பெரிய மாமாவும் தெரிந்தார்கள். அவர் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு, “முருகா, முருகா” என்று முனகிக்கொண்டிருந்தார். அவருடைய வெள்ளைச் சட்டை முதுகில் கறுப்பாக மாறிக்கொண்டே வந்தது.

அவர் அங்கேயே செத்துப்போவார் என்றுதான் நினைத்தேன்.

அப்போது கீழேயிருந்து மாமி ஏறி வந்தார். எல்லோரும் இறங்கி ஓடும் பாதையில் அவர் ஒருவர் மட்டும் மேலே ஏறி வந்தார். கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கு, தடித்த தார்ப்பாய்த் துண்டு, ஒன்றை யாரிடமோ பிடுங்கித் தலையில் போட்டிருந்தார். வந்ததும் பெரிய மாமாவின் முதுகைக் கையால் ஒரு வழி வழித்துவிட்டு, அவருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“கையக் கழுத்துல போடுங்க.”

பெரிய மாமா தலையைத் தூக்கிப் பார்த்தார். “நீ ஏன் வந்த. போய் ஆம்பளைங்கள வரச் சொல்லு” என்றார். அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“அவங்க புள்ளையத் தூக்கிக்கிட்டு இறங்கிட்டாங்க. போடுங்க.”

“வேணாம். நல்லா இருக்காது.”

“இருக்காதுதான்” என்றார் மாமி. “போடுங்க.”

அவர் போட்டார். மாமி அவருடைய தொடைகளுக்கு அடியில் கையைக் கொடுத்தார். பழக்கதோஷமோ என்னவோ, சுற்றி ஒருவருமே இல்லாத அந்த மலையில், “கொஞ்சம் ஒதுங்கிக்கங்க” என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. குளவிகளிடம் சொன்னாரோ என்னவோ. பிறகு எழுந்தார். நூறு கிலோவுக்குக் குறையாத மனிதர் அவர். மாமியின் முழங்கால்கள் ஒரு தடவை நடுங்கின, உடனே நின்றுவிட்டன. படங்கு இருவர் தலையையும் மூடித் தொங்கியது. ஓடவில்லை. ஒவ்வோர் அடியையும் மண்ணில் ஊன்றி, நடந்தார்.

என்னைத் தாண்டும்போது நின்றார். “எந்திரி. படங்கு ஓரத்தப் புடிச்சுக்கிட்டு பின்னாலேயே வா. கண்ணத் தொறக்காத.”

நான் எழுந்து அதைப் பிடித்துக்கொண்டேன். கண்ணைத் திறக்காமல் இருக்க முடியவில்லை. படங்குக்கு அடியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமியின் கால்கள்தான். செருப்பு எங்கோ போயிருந்தது. கல்லும் சேறுமான பாதையில் அந்தக் கால்கள் ஒரு தடவைகூட வழுக்கவில்லை. இரண்டு பேரின் பாரமும் இறங்கி விரல்கள் மண்ணுக்குள் புதைந்து புதைந்து எழுந்தன. மூடாமல் வெளியே தெரிந்த கையிலும் கெண்டைக்காலிலும் குளவிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைத் தட்டிவிடுவதற்கு அவருக்குக் கை இல்லை. ஒரு சத்தமும் அவரிடமிருந்து வரவில்லை, மூச்சு மட்டும் சீராகப் போய் வந்தது. நான் அழுதுகொண்டே நடந்தேன். வலியால் மட்டும் அழவில்லை. அப்படி ஒன்றை அதற்கு முன் நான் பார்த்ததில்லை, அதற்குப் பின்னும் பார்க்கவில்லை.

லயத்துக்கு வந்து சேர்ந்தபோது சனங்கள் சாக்குகளைப் போர்த்திக்கொண்டு கதவு இடுக்குகளில் நின்று பார்த்தார்கள். யாரோ புகை போட்டிருந்தார்கள். நரைத்த தலையோடு ஒருவர், “இது நம்ம மேட்டு லயத்துப் புள்ளதானே” என்றார். மாமி பெரிய மாமாவை ஒரு கட்டிலில் பக்குவமாக இறக்கிவைத்தார். கைக்குழந்தையை வாங்கும்போது பயப்படுவாரே, அந்த மாதிரி அவ்வளவு மெதுவாக. இறக்கி முடித்ததும் சுவரைப் பிடித்தார். பிறகு அப்படியே சரிந்து உட்கார்ந்தார். முகம் வீங்கிக் கண்கள் இரண்டும் மூடிப்போயிருந்தன.

தோட்டத்து டிஸ்பென்சரியில் ஊசி போட்டு, அங்கிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். என்னை அடுத்த நாளே விட்டுவிட்டார்கள். பெரிய மாமாவுக்கு மூன்றாம் நாள் தெளிந்தது. மாமிக்குத்தான் கடி அதிகம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது, ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மாமா வார்டு வாசலிலேயே கிடந்தார். சாப்பிடச் சொன்னாலும் எழவில்லை. பெரிய மாமா சக்கர நாற்காலியில் வந்து அவர் பக்கத்தில் நின்றபோது, மாமா அண்ணனின் முகத்தைப் பார்க்காமலே, “வெள்ளத்துல கடை மூட்டையெல்லாம் தூக்கிவச்சதும் அவதான். ஆளுங்க தூக்குனதா ஊரெல்லாம் சொன்னேன்” என்றார். பெரிய மாமா தம்பியின் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரத்துக்குப் பிறகு மாமியின் கண் திறந்தது. பார்வையாளர் நேரத்தில் பெரிய மாமா உள்ளே போனார், நானும் போனேன். அவரைக் கண்டதும் மாமி சேலைன் குழாயோடு எழுந்து நிற்கப் பார்த்தார். “படும்மா” என்றார் பெரிய மாமா. நான் கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. நேரம் முடிந்து தாதி மணி அடிக்கும்வரை, வீங்கிய முழங்காலோடு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். அவர்கள் பேசியது கொஞ்சம்தான். “வலிக்குதா?” என்றார். “இப்ப இல்லைங்க” என்றார் மாமி. போகும்போது, “உன் கல்யாணத்துக்கு நான் வந்திருக்கணும்” என்றார் அவர். மாமி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திருச்சிக்குத் திரும்பிய பிறகு அவர் இந்தக் கதையை எல்லோரிடமும் சொன்னாராம். தம்பி மனைவி தன்னை முதுகில் தூக்கிக்கொண்டு மலை இறங்கினாள் என்று, கடைக்கு வருகிறவர்களிடமும்கூட, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

மாமி தேறி எழ மாதக்கணக்கானது. இப்போது கடை கைமாறிவிட்டது. அவர்கள் மகளோடு ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள், பார்த்து வெகுகாலமாகிறது. நான் எழுத நினைத்தது அவர் தேறிய பிறகு நடந்த ஒரு பேச்சைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய சமையலறையில் இருந்தேன். அவர் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தார். இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். “உங்களுக்குப் பயமே இல்லையா மாமி?”

“பயம் இல்லாமலா. நானும் ஓடத்தானே ஓடுனேன்” என்றார். “சின்ன வயசுலேருந்து குளவி பாத்தவ நான். குளவின்னா யாரையும் பாக்கக் கூடாது, ஓடிறணும். வளைவு வரைக்கும் ஓடிட்டேன். அங்க திரும்பிப் பாத்தேன். பெரியவங்க கெடக்குறாங்க.”

பிழிந்த தேங்காய்ப்பூவை மறுபடி தண்ணீரில் போட்டார்.

“பாத்ததும் தெரிஞ்சிருச்சு, இவங்கள நான் தூக்கிருவேன்னு. சட்டிய பாத்தா, மூட்டைய பாத்தா தெரியுமே, அந்த மாதிரி. தூக்க முடியாதுன்னு தெரிஞ்சிருந்தா போயிருப்பேன். அழுதுக்கிட்டே போயிருப்பேன், ஆனா போயிருப்பேன். முடியும்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சதுக்கப்புறம் எப்படி போறது?”

அதை அவர் உண்மையிலேயே கேள்வியாகத்தான் கேட்டார். படித்தவள், இதற்கு வேறு வழி ஏதாவது தெரிந்திருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, ஈரக் கையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டு அடுப்பைத் தணிக்கப் போனார்.